மறுபடியும் வந்தவர்



நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருடைய ஆலயத்தின் மதிலோரம் ஒருவர் இரண்டு வருடமாகப் படுத்திருக்கிறார். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஞாயிறுதோறும் அவருக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுத்து வந்தார்கள். இந்த லெந்து நாட்களில் அவருக்கு முடி வெட்டிவிட்டு, குளிக்க வைத்து, புது வேட்டி சட்டை கொடுத்து, ஆராதனைக்குள் அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். ஈஸ்டர் வரைக்கும் அவர் குடிக்கவில்லை. ஈஸ்டருக்கு மறுவாரம் அந்தச் சட்டையை விற்றுக் குடித்துவிட்டு, பிரசங்க நேரத்தில் வந்து வாசற்படியில் வாந்தி எடுத்தார். சங்கம் கூடியது. இனிமேல் பொட்டலம் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள்.

"எல்லாரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. நாங்கள் செய்தது சரியா ஐயா?" என்று கேட்கிறார்.

சகோதரி, உங்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அப்படி ஒரு கூட்டத்தில் நானும் கை தூக்கியிருக்கிறேன்.

முப்பது வருடம் ஆகிறது. வடசென்னையில் ஒரு சபையில் வாலிபர் ஐக்கியத்துக்கு நான் செயலாளர். ஆலயத்துக்கு எதிர்ப்புற நடைபாதையில் ஒரு கொத்தனார் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வேலைக்கென்று பட்டணம் வந்தவர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டிருந்தது. வலிக்காகக் குடிக்க ஆரம்பித்தாரா, குடித்திருந்ததால் விழுந்தாரா என்று கேட்டால் அவரே ஒருநாள் ஒன்றைச் சொல்வார், மறுநாள் இன்னொன்றைச் சொல்வார். ஊருக்குப் பணம் அனுப்புவது நின்றது, பிறகு கடிதம் நின்றது. கொஞ்ச நாளில் வாடகை அறையும் போய்விட்டது. பகலில் எதிரே இருந்த டீக்கடை நிழல், ராத்திரி ஆலயச் சுவரோரம் என்று அவர் காலம் போனது.

நாங்கள் வாலிபர்கள், உற்சாகம் மிகுந்தவர்கள். அந்த வருடம் நவம்பரில் அவரைப் பிடித்துக்கொண்டோம். அவருக்காக உபவாச ஜெபம் வைத்தோம், பாடினோம், அழுதோம். அவரும் அழுதார். ஐந்து வாரம் அவர் ஒயின் ஷாப் பக்கம் போகவில்லை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் அவரை மைக் முன் நிறுத்திச் சாட்சி சொல்ல வைத்தோம். அவர் நாலு வார்த்தைதான் பேசினார், ஆலயமே அல்லேலூயா என்று அதிர்ந்தது. அடுத்த மாத நற்செய்திக் கூட்டத்து நோட்டீசில் போடுவதற்காக அவரைப் புகைப்படம்கூட எடுத்து வைத்தோம்.

பொங்கலுக்கு மறுநாள் காலை அவர் சாக்கடை ஓரத்தில் கிடந்தார்.

கமிட்டி கூடியது. "சபைக்குச் சாட்சி கெட்டுப்போச்சு" என்றார் ஒரு பெரியவர். அன்று அது எனக்கு நியாயமாகவே பட்டது. எங்களை அவர் ஏமாற்றிவிட்டார் என்ற கோபம் எனக்கு இருந்தது. இனி அவரை வளாகத்துக்குள் விட வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் சொல்லச் சொன்னார்கள். செயலாளர் என்ற முறையில் அதைப் போய்ச் சொன்னவன் நான்தான். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் அவர் படத்தையும் எடுத்துவிட்டோம்.

இன்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு காரியம் செய்தேன். நம் பத்திரிகையின் பழைய இதழ்களை எடுத்துப் புரட்டினேன். குடியிலிருந்து விடுதலை பெற்றவர்களின் சாட்சிகள் நிறையவே போட்டிருக்கிறோம். எல்லாவற்றிலும் ஒரே இரவு, ஒரே ஜெபம், பிறகு வாழ்நாள் முழுக்கத் தெளிவு. அப்படி நடப்பதுண்டு, நடந்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தவருடைய கதை ஒன்றுகூட நம் பக்கங்களில் இல்லை. விழுந்துகொண்டே இருப்பவரைக் கைவிடாமல் கூட இருந்த ஒரு சபையின் கதையும் இல்லை. அது என் குறை. இந்தப் பக்கத்தை அதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் உபவாச ஜெபத்தில் அந்தக் கொத்தனார் செத்துப்போகாமல் இருந்தது தேவனுடைய கிருபை என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

வருடக்கணக்காகத் தினமும் அதிகமாகக் குடிக்கும் ஒருவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், குமட்டும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு அதைவிடக் கடுமையான நிலை வரும். இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும், குரல்கள் கேட்கும், எங்கே இருக்கிறோம் என்பது மறந்துபோகும், உடம்பு கொதிக்கும். மருத்துவர்கள் இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்கிறார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். நம் சபைகளில் இதைப் பார்த்தால் என்ன நினைப்போம்? பிசாசு வெளிப்படுகிறது என்று நினைத்து அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, தண்ணீர்கூடக் கொடுக்காமல் ஜெபிப்போம். அந்த நேரத்தில் அவருக்கு வேண்டியது ஆஸ்பத்திரிப் படுக்கை, நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மருந்து, வைட்டமின் பி1 ஊசி. சோறு இறங்காமல் சாராயத்திலேயே ஓடிய உடம்பில் பி1 வறண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் மூளை நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாராளமாக ஜெபியுங்கள், கதவைச் சாத்தி வைத்து மட்டும் ஜெபிக்காதீர்கள்.

குடிக்கு அடிமையாவது ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956லேயே சொல்லிவிட்டது. தமிழிலும் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் குடிகாரன் என்று சொல்லாமல் குடிநோயாளி என்றே சொல்கிறார்கள். சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையை 1980ல் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், தன் கணவரையே குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். நோய் என்றால் பாவம் இல்லை என்று ஆகிவிடாதா என்று சிலர் கேட்பீர்கள். பாவத்தைப் பற்றிப் பேச நமக்கு வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கிறது. நோய் என்று ஒப்புக்கொண்டால் ஒரு காரியம் உடனே மாறும். குறைந்த நோய் திரும்பவும் வரலாம் என்பதை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வோம். சர்க்கரை மறுபடி ஏறிவிட்டது என்பதற்காக எந்த மூப்பரையும் நாம் ஆலயத்தைவிட்டு வெளியே அனுப்பியதில்லை.

தெருவில் இருப்பவருக்கு இது இன்னும் கடினம். வீட்டில் இருக்கும் குடிநோயாளிக்கு ஒரு பாய், ஒரு கதவு, திட்டிக்கொண்டாவது ஒரு தட்டு கஞ்சி வைக்கும் மனைவியோ தாயோ உண்டு. நடைபாதையில் படுப்பவருக்குக் கொசு, மழை, தலைமாட்டில் வைத்த செருப்பையும் எடுத்துப் போகும் கைகள், நடு ராத்திரியில் எழுப்பி விரட்டும் லத்தி. அங்கே குடிதான் போர்வை, தூக்க மாத்திரையும் அதுதான். ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்து தெளிந்து வந்தாலும் திரும்பிப் போக அவருக்கு இருக்கும் ஒரே இடம் அதே நடைபாதை, பக்கத்தில் அதே கூட்டாளிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நம் நாட்டில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் என்று எண்ணியது. போதைப் பழக்கம் பற்றி மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019ல் வந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையைப் பெற்றிருக்கிறார் என்றது அது. வீடும் இல்லாதவருக்கு அந்த ஒருவராக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் ஒரு கதைக்கு வருகிறேன்.

நியூயார்க் நகரில் 23ஆம் தெருவில் கால்வரி மிஷன் என்று ஓர் இடம் இருந்தது. கால்வரி எபிஸ்கோப்பல் ஆலயத்தின் போதகர் சாம் ஷூமேக்கரின் காலத்தில் அந்த ஆலயம் நடத்திய இல்லம் அது. வீடில்லாத குடிநோயாளிகளுக்குச் சூப்பும் படுக்கையும் கொடுத்து, மாலையில் சாட்சிக் கூட்டம் நடத்துவார்கள். 1934ல் அங்கே தங்கியிருந்தவர்களில் எபி தாச்சர் என்பவரும் ஒருவர். வசதியான குடும்பத்துப் பிள்ளை, குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். வெர்மான்ட் மாநிலத்தில் குடிவெறி வழக்கில் அடைபடப் போன நேரத்தில், ஏற்கனவே குடியை விட்டிருந்த சில விசுவாசிகள் நீதிபதி முன் பொறுப்பேற்று அவரை மீட்டிருந்தார்கள். அந்த நவம்பரில், சில மாதத் தெளிவோடு, எபி தன் பழைய குடிக் கூட்டாளியைத் தேடி புரூக்ளினுக்குப் போனார். கூட்டாளியின் பெயர் பில் வில்சன். மேசையில் ஜின் இருந்தது. எபி தொடவில்லை. தனக்கு நடந்ததை மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு பில்லும் அந்த மிஷனுக்குப் போனார், போதையில்தான் போனார். அங்கே அவரை வெளியே அனுப்பிவிடவில்லை. ஜெபத்துக்கு முன்வரச் சொன்னபோது அந்த நிலையிலேயே முன்னே போய் நின்றார். டிசம்பரில் மருத்துவமனையில் சேர்ந்தார். 1971ல் இறக்கும்வரை அவர் மறுபடி குடிக்கவில்லை. 1935ல் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ஏ.ஏ. என்று நாம் அறிந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். உலகம் முழுவதும் லட்சக்கணக்கானவர்கள் அதில் தெளிந்திருக்கிறார்கள்.

இதுவரை பல பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். இனி நடந்ததை யாரும் சொல்வதில்லை. நற்செய்தியைக் கொண்டுபோன எபி மறுபடி விழுந்தார். ஒரு தடவையோடு நிற்கவில்லை. அடுத்த முப்பது வருடம் விழுவதும் எழுவதுமாகவே அவருக்குப் போனது. பில் வில்சன் உலகப் புகழ் பெற்றவராகிவிட்டார். அவர் எபியைத் தன் சாட்சியிலிருந்து நீக்கிவிடவில்லை. கடைசிவரை எபியைத் தன் வழிகாட்டி என்றே சொன்னார், பணத்தாலும் பராமரிப்பாலும் தாங்கினார். 1966ல் எபி இறந்தபோது நியூயார்க் மாநிலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில், குடிக்காமல் சில வருடங்களைக் கடந்த நிலையில் இருந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் நோட்டீசிலிருந்து நாங்கள் எடுத்துப்போட்ட அந்தப் படம் எனக்கு ஞாபகம் வரும்.

நியூயார்க்கிலேயே இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. ஜெரி மெக்காலே என்ற ஐரிஷ்காரர், ஆற்றங்கரைத் திருடர். சிங் சிங் சிறையில் மனந்திரும்பினார். விடுதலையான பிறகு பலமுறை பழைய வாழ்க்கைக்கே திரும்பினார். அவர்தான் 1872ல் வாட்டர் தெருவில், குடிகாரர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் என்றே ஒரு மிஷனைத் திறந்தார். அமெரிக்காவில் அப்படிப்பட்ட முதல் மிஷன் அது. விழுந்தவனுக்குக் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

மெக்காலே 1884ல் இறந்தார். அதே வருடம் டப்ளின் நகரத்தில் மாட் டால்பட் என்ற 28 வயதுக் கூலித் தொழிலாளி ஒரு மதுக்கடை வாசலில் சட்டைப்பையில் காசில்லாமல் நின்றிருந்தார். பன்னிரண்டு வயதில் மதுபானக் கிடங்கு ஒன்றில் வேலைக்குப் போன நாளிலிருந்து குடிப்பவர். சம்பளம் வந்தால் கூட்டாளிகளுக்கும் வாங்கிக் கொடுப்பவர். அன்று அந்தக் கூட்டாளிகள் அவரைத் தாண்டி உள்ளே போனார்கள், ஒருவரும் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் குடியை விடப்போவதாகச் சொன்னார். குருவானவரிடம் போய்ப் பொருத்தனை செய்தார். எவ்வளவு காலத்துக்கு? மூன்றே மாதத்துக்கு. அந்த மூன்று மாதம் முடிந்தபின் ஆறு மாதம். பிறகுதான் வாழ்நாளுக்கு. வேலை விட்டு வரும்போது மதுக்கடைகள் இழுக்கும் என்று சாயங்காலங்களில் ஆலயங்களில் போய் உட்கார்ந்திருப்பார். சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதையே விட்டார்.

அவர் கதையில் என்னை உலுக்குவது ஒரு பிடில். குடித்துத் திரிந்த நாட்களில் அவரும் கூட்டாளிகளும் தெருவில் வாசித்துப் பிழைத்த ஒரு கண் தெரியாதவருடைய பிடிலைத் திருடி விற்றுக் குடித்துவிட்டார்கள். தெளிந்தபின் மாட் அந்த மனிதரை டப்ளின் முழுக்கத் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப் பணம் கொடுத்தார். 1925 ஜூன் 7ஆம் தேதி ஆலயத்துக்குப் போகும் வழியில், ஒரு சந்தில் விழுந்து இறந்தார். பெயர் தெரியாத பிணமாகத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 1975ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. நாற்பது வருடத் தெளிவுக்கு முதல் படியாக இருந்தது மூன்று மாதம். நம் கொத்தனாரிடமும் உங்கள் மதிலோரத்து மனிதரிடமும் முதல் நாளே வாழ்நாள் கணக்கைக் கேட்டுவிட்டோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. கொத்தனாரின் ஐந்து வாரம் ஐந்து வாரம்தான் சகோதரி. லெந்து முழுக்க உங்கள் மனிதர் குடிக்கவில்லை. அது நடந்தது, அதை யாரும் அழிக்க முடியாது.

சுவிசேஷத்தில் வீடில்லாத ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். கதரேனர் நாட்டில் கல்லறைகளுக்கு நடுவே, உடுப்பில்லாமல் இருந்தவர். ஊரார் அவரைச் சங்கிலி போட்டுப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. இயேசு வந்து போன பிறகு அவர் உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்த உடுப்பை யார் கொடுத்தார்கள் என்று அவர் எழுதவில்லை. சீஷர்களில் யாரோ ஒருவர் தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன். தன்னோடு வர ஆசைப்பட்டவரை ஆண்டவர் வீட்டுக்குப் போகச் சொன்னார். சுகம் வீட்டில் போய் முடிகிறது.

வீட்டையே முதலில் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. சாம் செம்பெரிஸ் என்ற மனநல நிபுணர் 1992ல் நியூயார்க்கில் அதைத் தொடங்கினார். குடியை விட்டால்தான் அறை என்று சொல்லாமல் முதலில் அறையைக் கொடுத்தார். 2008 முதல் பின்லாந்து அரசே இதைக் கொள்கையாக்கிக்கொண்டது. அமெரிக்காவின் சியாட்டிலில் 2005ல் 75 அறைகளோடு ஓர் இல்லம் திறந்தார்கள். தெருவில் கிடந்த கடுமையான குடிநோயாளிகளுக்கு அது, அறைக்குள் குடித்தாலும் வெளியேற்றமாட்டார்கள். ஊரில் பெரிய எதிர்ப்பு. 2009ல் வெளியான ஆய்வு, அங்கே தங்கியவர்கள் குடித்த அளவு காலப்போக்கில் குறைந்ததாகச் சொன்னது. மருத்துவமனைக்கும் சிறைக்கும் ஆன செலவும் குறைந்திருந்தது. நம் சபைகளுக்கு இது நெருடும், எனக்கும் முதலில் நெருடியது. ஆனால் கூரை கிடைத்தவருக்குத்தான் நாளைக் காலை என்று ஒன்று இருக்கிறது.

நல்ல சமாரியன் கதையில் நாம் சமாரியனையே பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு வயதாக ஆகச் சத்திரக்காரர் மேல் மனம் போகிறது. அடிபட்டவரை ஒரு ராத்திரி பார்த்துவிட்டுச் சமாரியன் கிளம்பிவிட்டார். இரண்டு பணம் கொடுத்தார், கூடச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். அப்படியென்றால் கூடச் செலவாகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. காயத்தைக் கழுவி, சீழ் துடைத்து, ராத்திரி முனகல் கேட்டு எழுந்து வந்தவர் சத்திரக்காரர்தான். அவருக்கு இந்தக் கதையில் ஒரு வசனம்கூடக் கிடையாது.

உங்கள் ஊரிலேயே இரட்சணிய சேனையின் கேத்தரின் பூத் மருத்துவமனை இருக்கிறது. அந்தச் சேனையைத் தொடங்கிய வில்லியம் பூத், லண்டனின் வாடகை வண்டிக் குதிரையைப் பற்றி 1890ல் எழுதினார். குதிரை தெருவில் விழுந்தால், அது யார் தவறு என்று விசாரித்துக்கொண்டிருக்கமாட்டார்கள், முதலில் தூக்கி நிறுத்துவார்கள். உயிரோடு இருக்கும்வரை அதற்குத் தீவனம், கொட்டில், வேலை மூன்றும் உண்டு. மனிதனுக்கு இந்த அளவாவது வேண்டாமா என்பதுதான் அவர் கேட்டது.

நம் நாட்டுக் காரியத்துக்கு வருவோம். மதுவிலக்கு வேண்டும் என்று நம் திருமண்டலங்கள் தீர்மானம் போடுகின்றன, பேரணி போகின்றன. 1937ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1971ல் தளர்ந்த கதையும், 2003லிருந்து அரசே சில்லறைக் கடை நடத்தும் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பேரணி போவோம், தப்பில்லை. ஆனால் பேரணி புறப்படும் ஆலய வாசலில் படுத்திருப்பவருக்கு அந்தத் தீர்மானம் இன்று ராத்திரி உதவாது. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்று வீதம் வீடற்றோர் தங்குமிடம் இருக்க வேண்டும், அது வருடம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ல் சொல்லியிருக்கிறது. உங்கள் நகரத்தில் அது எங்கே இருக்கிறது, குடித்திருப்பவரை உள்ளே விடுகிறார்களா என்று விசாரியுங்கள். விடமாட்டார்கள் என்றால் அங்கேதான் சபைக்கு வேலை இருக்கிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற எண்ணில் போதை மீட்புக்கான கட்டணமில்லா தேசிய உதவி எண் இயங்குகிறது. ஏ.ஏ. கூட்டம் நடத்த இடம் கேட்டு வந்தால் ஞாயிறு பள்ளி அறையைக் கொடுங்கள். நாலைந்து பேர் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் மேலேயே பாரம் விழுந்தால் மூன்று மாதத்தில் அவர் சலித்துப்போவார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கூட இருக்க ஆள் கேட்பார்கள். தெருவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் திருப்பி அனுப்பப்படுகிறார்கள், கையெழுத்துப் போட ஆளில்லாமல். அந்தக் கையெழுத்தை உங்கள் சங்கத்துப் பெண்கள் போடலாம்.

காசு கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சோறும் டீயும் கொடுப்பதே நல்லது. ஆனால் காசு கொடுத்துவிட்டேனே என்று ஒருபோதும் வருந்தாதீர்கள். குடித்துவிடுவார் என்று சொல்லிக் கையை மடக்கிக்கொண்டதைப் பற்றி நான் அதிகம் வருந்தியிருக்கிறேன். பொட்டலத்தை மட்டும் நிறுத்த வேண்டாம். அதை அவர் நடத்தைக்குப் பரிசாகக் கொடுக்க ஆரம்பித்த நாளில் அது சோறாக இல்லாமல் கூலியாகிவிடும். வாசற்படியைக் கழுவிவிடலாம், சகோதரி. போதையோடு ஆராதனை நேரத்தில் வந்தால், கத்தாமல் வெளியே மரத்தடியில் ஒருவர் அவரோடு உட்கார்ந்திருக்கட்டும். பிள்ளைகள் பயப்படுவார்கள், பெண்களுக்குத் தொந்தரவு வரலாம், அதையெல்லாம் நான் லேசாக எடுக்கவில்லை. அவர் அத்துமீறினால் அதட்டுங்கள், தேவைப்பட்டால் அன்றைக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்த ஞாயிறு பொட்டலம் இருக்கட்டும்.

எங்கள் கொத்தனாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

ஆலயத்துக்கு எதிரே டீக்கடை என்று சொன்னேனே, அது ஒரு பாய் கடை. கேட்டை நாங்கள் சாத்திய பிறகும் காலை ஆறு மணிக்கு அவருக்கு ஒரு டீயும் பன்னும் அங்கே உண்டு, தெளிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "பாய், இவ்வளவு நடந்த பிறகும் அவருக்கு ஏன் கொடுக்கறீங்க?" என்று கேட்டேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "டீ குடிக்க வந்தவருக்கு டீ கொடுக்கறதுதானே தம்பி" என்றார்.

அந்தக் கடையில் பெஞ்சுக்கு அடியில் ஒரு சாக்குப் பை இருக்கும். கரணை, ரசமட்டம், தூக்குக்குண்டு, ஒரு பழைய வேலைச் சட்டை. விற்றுக் குடித்துவிடுவோம் என்று பயந்து கொத்தனாரே பாயிடம் கொடுத்து வைத்திருந்தார். கேட்டால் பாய் உடனே கொடுத்துவிடமாட்டார். முகத்தைப் பார்ப்பார், கையை நீட்டச் சொல்வார். நடுக்கம் இல்லை என்றால் பையை எடுத்துக் கொடுப்பார். சாயங்காலம் பை திரும்பி வந்துவிட வேண்டும், அதுதான் அவர்களுக்குள் பேச்சு.

இது எனக்குத் தெரிந்த பிறகு, வேலைக்குப் போகும் வழியில் தினமும் அந்தப் பெஞ்சுக்கு அடியில் பார்க்க ஆரம்பித்தேன். பை இருக்கும் காலைகள்தான் அதிகம். பங்குனி வெயில் தொடங்கிய அந்த மாதத்தில் நான் எண்ணிப் பார்த்தேன். பதினொரு நாள் பெஞ்சுக்கு அடியில் பை இல்லை.